அக்கா கடையில் தப்பு நடக்காது

அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. மூன்று வருடம் கூட வேலை செய்தேன். ஒரு தடவைகூட இல்லை.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் வந்து சண்டை போடுவார். பாடாங் செராய் பக்கம் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். எனக்கும் அவருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். நானும் அக்கா என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார்.

பழைய சாமான் வாங்கி, ஃபோனில் லைவ் போட்டு ஏலம் விடுவார். பித்தளைக் குடம், அண்டா, தவலை, குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், தையல் மெஷின். தோட்டத்து வீட்டைக் காலி செய்கிறவர்கள் கொடுப்பார்கள். பெரியவர்கள் செத்துப்போன வீட்டில் பிள்ளைகள் கொடுப்பார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து கோணியில் வரும். நான் கழுவி, மெஷினில் பிடித்துப் பளபளப்பாக்கி, பெட்டியில் வைத்து டேப் ஒட்டுவேன். பேச்சு அவர் வேலை. கை வேலை என்னுடையது. எனக்குப் பேச்சு வராது. தமிழ்ப் பள்ளியில் ஆறாவது முடித்தேன். அதற்குப் பிறகு செம்பனைக் காடுதான். முதுகு போன பிறகு அக்கா கடைக்கு வந்தேன்.

லைவ் மத்தியானம் மூன்று மணிக்கு. மற்றவர்கள் எல்லாம் ராத்திரி போடுவார்கள். ராத்திரியில் புருஷன் பக்கத்தில் இருப்பான், எதுக்கு இந்தச் சட்டி என்று கேட்பான், சமைத்து முடித்துக் காலை நீட்டி உட்காரும் நேரத்தில்தான் பெண்கள் வாங்குவார்கள் என்பார் அக்கா. அது சரிதான். நன்றாக ஓடியது.

சாமானைத் தூக்கிக் காட்டுவார். பார்க்கிறவர்கள் கீழே விலையை எழுதுவார்கள். இவர் மூன்று எண்ணுவார். கடைசியாக எழுதியவருக்குச் சாமான். மூன்று சொல்வதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, "பட்டர்வொர்த் தங்கச்சி, பார்த்துக்கிட்டே இருக்கே, கை வலிக்குதா?" என்பார். அந்தத் தங்கச்சி உடனே எழுதும்.

விற்பது அவருக்குக் கஷ்டமில்லை. விற்ற பிறகு வரும் புகார்தான் வேலை. அதில்தான் அவர் யார் என்று தெரியும்.

யாராவது சாமான் சரியில்லை என்று வோய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அக்கா சத்தமாகப் போட்டுக் கேட்பார். நானும் கேட்பேன். கேட்டு முடித்ததும் கோபப்பட மாட்டார். அன்பாகத்தான் பேசுவார். பெட்டியை யார் திறந்தது, எதை வைத்துத் திறந்தீர்கள், திறந்து எங்கே வைத்தீர்கள் என்று கேட்பார். மூன்றாவது கேள்விக்குள் அந்த ஆள் தன் வீட்டுக்குள்ளேயே தப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

கூலிமில் ஒருவர் சுவர்க் கடிகாரம் வாங்கினார். நின்றுபோகிறது என்று புகார். அக்கா எந்தச் சுவரில் மாட்டினீர்கள் என்று கேட்டார். குளியலறைக்கு எதிர்ச் சுவர் என்றார் அவர்.

"அதான் பார்த்தேன். ஈரக் காத்து உள்ள போயிருக்கு அண்ணே. நல்ல கடிகாரத்தை இப்படிப் பண்ணிட்டீங்களே லா."

அவர் மன்னிப்புக் கேட்டார். கடிகாரத்திடமே மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. அந்தக் கடிகாரம் எங்கள் மேசையிலேயே நின்றுபோகும். லைவ் அன்றைக்குக் காலையில் நான்தான் முள்ளைத் தள்ளி வைத்தேன். அக்காவுக்கும் தெரியும். அடுத்த வாரம் அதே ஆள் விளக்கு ஒன்று வாங்கினார்.

இன்னொரு பழக்கம் இருந்தது. கூரியர்காரன் சாமானை ஏற்றிக்கொண்டு போனதும் அந்த லைவ் வீடியோவை அழித்துவிடுவார். கேட்டால், ஃபோன் நிறைந்துபோகும் என்பார். அது பொய். வீடியோ இருந்தால் காட்டிக் கேட்பார்கள். அதனால் அழித்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புகாரை அவர் காதில் வாங்காமல் விட்டதில்லை. கண்ணாடி போட்ட சாமிப் படம் ஒன்று உடைந்துபோய்ச் சேர்ந்தது. வாங்கியவரிடம், கூரியர்காரன் முன்னாலேயே திறந்து பார்க்காதது உங்கள் தப்பு என்று சொல்லி முடித்துவிட்டார். மறுநாள் காலையில் கடைக்கு வருகிறேன், பபள் பிளாஸ்டிக் இரண்டு பெரிய சுருள் வாசலில் நிற்கிறது.

"ரெண்டு சுத்து சுத்து தம்பி. நாம எப்பவும் ரெண்டு சுத்துதானே."

முந்தின நாள் வரைக்கும் பழைய நாளிதழ்தான். நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன பார்க்குறே? கத்திரிக்கோலை எடு."

இதுதான் அக்கா. திருந்துவார். ஆனால் திருந்தினதாக ஒத்துக்கொள்ள மாட்டார். நேற்று செய்த தப்பு நேற்றோடு இல்லாமலே போய்விடும்.

பெயர் அழிக்கிற வேலையும் அப்படித்தான் வந்தது.

தோட்டத்துப் பாத்திரங்களில் பெயர் இருக்கும். ஒரு வீட்டில் கல்யாணம், சாவு, கோயில் திருவிழா என்றால் லயத்து வீடுகளில் உள்ள அண்டா, குடம் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும். முடிந்ததும் யாருடையது எது என்று பிரிக்க வேண்டும். அதனால் ஆணியால் புள்ளி புள்ளியாகப் பெயர் குத்தி வைப்பார்கள். அடுத்தவர் பெயர் உள்ள பாத்திரம் ஒரு வீட்டில் இருந்தால் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

சுங்கை பட்டாணியில் ஒரு பெண் புது வீட்டில் பால் காய்ச்ச எங்களிடம் தவலை வாங்கினாள். வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவள் மாமியாரின் அக்காள் தவலையைத் திருப்பிப் பார்த்து, "கருப்பாயி" என்று சத்தமாக வாசித்திருக்கிறார். யார் வீட்டுச் சாமான் இது, யார் கருப்பாயி என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு மானம் போய்விட்டது. அழுதுகொண்டே வோய்ஸ் அனுப்பினாள்.

அக்கா சொன்னது இதுதான். "பேரு இருக்குற பக்கத்தைச் சுவருப் பக்கமாத் திருப்பி வச்சிருக்கலாமே தங்கச்சி. இதுகூடத் தெரியாமலா பால் காய்ச்சுனே?"

அந்தப் பெண், ஆமாம் அக்கா, எனக்குத் தோன்றவில்லை, சாரி என்றாள்.

அடுத்த வாரம் மெஷினுக்கு இரண்டு புதுத் தேய்ப்புக் கல் வந்தது. பெயர் இருந்தால் அழித்துவிடு, நாம் எப்பவும் அழித்துத்தானே கொடுக்கிறோம் என்றார் அக்கா. அன்றிலிருந்து அழித்தேன். முதலில் கல். பிறகு துணிச் சக்கரம். லேசாகக் குத்தியிருந்தால் இரண்டு நிமிடம். ஆழமாக இருந்தால் கொஞ்சம் கூட. அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாசிப்பேன். ஏன் என்று தெரியாது. எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். அதற்காகவே வாசித்தேனோ என்னவோ.

கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரு தடவை சக்கரம் நழுவி என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அக்கா லைவை நடுவில் நிறுத்தினார். தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டி, காடியில் ஏற்றி, கூலிம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். சிவப்பு விளக்கில்கூட நிற்கவில்லை. தையல் போடும்வரை கூடவே நின்றார். நான் வேலைக்கு வராத இரண்டு வாரமும் என் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தார். வரும்போதெல்லாம், கையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாத ஆளை வேலைக்கு வைத்தேன் பார் என்று திட்டினார். மெஷினுக்கு மூடி இல்லாமல்தான் இருந்தது. நான் திரும்பி வந்தபோது மூடி இருந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். கத்தோலிக்கர். பாவசங்கீர்த்தனத்துக்கும் போவார். உள்ளே என்ன சொல்வார் என்று யோசித்திருக்கிறேன். ஃபாதரிடம் மற்றவர்கள் பாவத்தைத்தான் சொல்லிவிட்டு வருவார் என்று நினைக்கிறேன்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை தெரிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. லைவ் இல்லை. கோப்பி குடித்துக்கொண்டு இருந்தோம். முன்பு அவர் ஃபேக்டரியில் வேலை செய்தவர். ஏதோ ஒரு லாட் சாமான் கெட்டுப்போனதாம். மூன்று பெண்களைக் கூப்பிட்டு, யார் தப்பு என்று தாளில் எழுதிக் கேட்டார்களாம்.

"நான்தான் எழுதிக் கொடுத்தேன் தம்பி. தப்பு என்னுது, மன்னிச்சிடுங்கன்னு. உண்மையைச் சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். எழுதாத ரெண்டு பேரும் இன்னும் அங்கதான் இருக்காளுங்க."

மழை விட்டது. எழுந்துபோனார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை. லைவ் நடந்துகொண்டிருக்கும்போதே பழைய இரும்புக் கடைக் கோணி வந்து இறங்கியது. சாமான் தீர்ந்துபோயிருந்தது. பார்க்கிறவர்கள் நிறைய இருந்தார்கள். அக்கா கோணியில் கைவிட்டு ஒரு குடத்தை அப்படியே எடுத்தார். கறுத்துப்போய் இருந்தது. அழுக்கோடு காட்டுகிறேன், கைக்கு வரும்போது கண்ணாடி மாதிரி வரும் என்றார்.

கீழே குருணிலிருந்து ஒரு பெண், கொஞ்சம் திருப்புங்கள் அக்கா என்று எழுதினாள். அக்கா வாசித்துவிட்டுத் திருப்பினார். கழுத்துக்குக் கீழே பெயர் இருந்தது. நான் ஃபோனுக்குப் பின்னால் நின்றேன். எனக்கே தெரிந்தது.

அந்தப் பெண் விலை எழுதினாள். இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். அவள் ஒரே தாவாகத் தாவி எழுதினாள். மற்ற இருவரும் விட்டுவிட்டார்கள். அக்கா மூன்று எண்ணினார். பழைய குடத்துக்கு அது அதிகம். அக்காவுக்கு அன்றைக்குச் சந்தோஷம்.

மறுநாள் நான் அந்தக் குடத்தை எடுத்தேன். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். எழுத்து நன்றாகத் தெரிந்தது. மு. அஞ்சலை. குத்தியவர் பெரிது பெரிதாக ஆரம்பித்துவிட்டார். கடைசியில் இடம் இல்லை. குடம் வளைந்து போகிற இடத்தில் ஒரு நெளிவு. 'லை' மட்டும் வரிக்குக் கீழே இறங்கி இருந்தது. பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் எழுதுவேன். சிரிப்பு வந்தது.

பிறகு கல்லை வைத்தேன். ஆழமாகத்தான் இருந்தது. நாலு நிமிடம் ஆனது. கடைசியாக 'லை'யை அழித்தேன். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கி, இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டினேன். சொன்ன வேலையைச் செய்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அந்தக் குருண் பெண்ணிடமிருந்து வோய்ஸ் வந்தது. அக்கா சத்தமாகப் போட்டார். அது அவள் அம்மா குடமாம். அம்மா செத்த பிறகு அவள் அண்ணன் வீட்டைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் நிறுத்துப் போட்டுவிட்டாராம். லைவில் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பெயரைப் பார்க்கத்தான் திருப்பச் சொன்னாள். அம்மா பெயர் என்று எழுதினால் மற்றவர்கள் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து எழுதவில்லை. இப்போது குடம் வந்திருக்கிறது. பெயர் இல்லை.

என் கை நின்றுவிட்டது. அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நல்லா பளபளன்னு வந்திருக்கா தங்கச்சி என்று கேட்டார். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மறுபடியும் அனுப்பினாள். அக்கா, பெயர் எங்கே என்று கேட்டாள்.

"பேரா? அதுல பேரே இல்லையே தங்கச்சி. நான் கையில புடிச்சிருந்தேன். இருந்தா எனக்குத் தெரியாதா?"

அவள் வீடியோ கேட்டாள். வீடியோ இல்லை. அழித்தாகிவிட்டது.

நான் அக்காவிடம் போய், பெயர் இருந்தது, நான் வாசித்தேன் என்றேன்.

"தெரியும்," என்றார்.

"சொல்லிடுங்கக்கா."

"சொன்னா? கல்லு வச்சுத் தேச்சது திரும்ப வருமா? ஒருத்திக்குச் சொன்னா நாளைக்கு எல்லாரும் பேரு இருந்துச்சும்பாங்க. போயி அண்டாவைக் கழுவு."

நான் போய் அண்டாவைக் கழுவினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். கழுவினேன்.

அந்தப் பெண் விடவில்லை. அடுத்த வாரம் அவளே வந்துவிட்டாள். குருணிலிருந்து மோட்டர் சைக்கிளில் வந்திருந்தாள். குடத்தைத் துண்டில் சுற்றி முதுகுப் பையில் வைத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஃபேக்டரி யூனிஃபார்ம். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அக்கா எழுந்து நாற்காலி போட்டார். கோப்பி கலக்கினார். அவள் குடத்தை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, எனக்குக் காசு திருப்பி வேணாம். குடமும் நான்தான் வச்சுக்குவேன். அதுல பேரு இருந்துச்சுன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஏன் என்று அவளே சொன்னாள். அண்ணன் நம்பவில்லையாம். இது வேறு யார் வீட்டுக் குடமோ, அம்மா செத்ததிலிருந்து பார்க்கிற எல்லாவற்றிலும் நீ அம்மாவைத்தான் பார்க்கிறாய், டாக்டரைப் பார் என்கிறாராம். புருஷனும் அதையே சொல்கிறாராம்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்குக்கா. ராவும் பகலும் அதே நினைப்பு. நான் பார்த்தேனா, பார்க்கலையான்னு. பைத்தியம் புடிச்சிடும்போல இருக்கு."

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார். அந்தக் கையை எனக்குத் தெரியும். எனக்குக் கட்டுப்போட்ட கை.

"தங்கச்சி, எங்க கடையில தப்பு நடக்காது. குடம் அழுக்கா இருந்துச்சுல்ல? வெளிச்சம் பட்டா அழுக்கு எழுத்து மாதிரிதான் தெரியும். நீ அம்மா நினைப்புல இருந்திருக்கே. எனக்கும் எங்கம்மா செத்தப்ப இப்படித்தான். ஒரு மாசம் குசினியில அடுப்புப் பக்கம் அவங்க நடக்குற சத்தம் கேக்கும். அது தப்பில்ல லா. கோப்பி குடி."

அந்தப் பெண் கோப்பியை எடுத்தாள். குடத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. உங்களைப் போட்டுத் தொந்தரவு பண்ணிட்டேன்."

கடிகாரக்காரர் மன்னிப்புக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தவலைப் பெண் கேட்டபோது சும்மா இருந்தேன். இவள் கேட்டபோது கையுறையைக் கழற்றினேன்.

"இருந்துச்சும்மா," என்றேன்.

அக்கா திரும்பினார். "தம்பி, கூரியர் வர்ற நேரம். வாசல்ல போயி நில்லு."

"பேரு இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். மு. அஞ்சலை. 'லை' மட்டும் கீழ இறங்கி இருந்துச்சு."

அந்தப் பெண் கோப்பியைக் கீழே வைத்தாள். கோப்பி மேசையில் சிந்தியது. முதலில் அவள் சிரித்தாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"எங்கப்பா," என்றாள். "எங்கப்பா குத்துனது. இடம் பத்தல அவருக்கு. அம்மா ரெண்டு நாளு அவருகிட்ட பேசல."

பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுத்தான் அழிச்சீங்களா?"

"ஆமாம்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மன்னிச்சிடும்மா என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாதது சரி. பெயர் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். இங்கே 'மு'. இங்கே 'அ'. இங்கே, கீழே, 'லை'. அவள் பையிலிருந்து பேனா எடுத்து நான் காட்டிய இடங்களில் சின்னதாகப் புள்ளி வைத்தாள். வழவழப்பில் மை நிற்கவில்லை. இரண்டு மூன்று தடவை வைத்தாள். பிறகு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அக்காவை ஒரு தடவை பார்த்தாள்.

அவள் மோட்டரை எடுக்கும்போது அக்கா வாசலுக்குப் போய்ச் சொன்னார்.

"தங்கச்சி, வியாழக்கிழமை லைவ் இருக்கு. பாரு."

உள்ளே வந்து மேசையில் சிந்திய கோப்பியைத் துடைத்தார்.

"நீ சொன்னதுல அவளுக்கு என்ன கிடைச்சுது? பேரு திரும்பி வந்துச்சா?"

"இல்லக்கா."

"கோப்பி குடிச்சுட்டு நிம்மதியாப் போயிருப்பா. அம்மாவுக்கு ரெண்டாவது தடவை கொள்ளி வச்ச மாதிரி அனுப்பியிருக்கே நீ. தப்பு யாருது?"

ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், தப்பு என்னுடையதுதான் என்று நானும் நம்பிவிட்டேன். சாரி அக்கா என்று வாய்வரை வந்துவிட்டது. எனக்கு இன்றைக்கும் கோபம் அந்த ஒரு நிமிடத்தின்மேல்தான். மெஷினை நிறுத்தினேன். கையுறையை அதன்மேல் வைத்தேன். வீட்டுக்குப் போனேன். மறுநாள் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

இப்போது சுங்கை லாலாங்கில் ஒரு டயர் கடையில் இருக்கிறேன். மத்தியானத்தில் ஆள் குறைவு. ஒருநாள் ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். லைவ். கொஞ்சம் இளைத்திருந்தார். குரல் அப்படியே இருந்தது. கையில் ஒரு குடம். பெயருள்ள பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"பேரு இருக்கு, நல்லாப் பாருங்க. யாரு வீட்டுப் பேரோ, யாரு அம்மாவோ. நம்ம கடையில பேரை அழிக்கிறதே இல்ல. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்."

கீழே மளமளவென்று எழுதினார்கள். எங்கள் பாட்டி பெயர் வந்தால் சொல்லுங்கள், எங்கள் அப்பா பெயர் வந்தால் சொல்லுங்கள் என்று. அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். யாருக்கும் அவசரப்படவில்லை. ஒரு பெண் தன் அம்மா பெயரை எழுதினாள். அக்கா கீழே குனிந்து தேடி ஒரு அண்டாவை எடுத்துத் திருப்பினார். அதே பெயர். அந்தப் பெண் அழுகிற முகப் பொம்மையாக அனுப்பினாள். அக்கா கண்ணும் கலங்கியது. அது நடிப்பு இல்லை. அவரை எனக்குத் தெரியும்.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுதினேன். ஒரு விரலால் எழுதுவேன். நேரம் ஆகும். மு. அஞ்சலை.

அதற்குள் இரண்டு சாமான் போயிருந்தது. பிறகு அக்கா அதை வாசித்தார். சரியாக வாசித்தார்.

"மு. அஞ்சலை. இந்தப் பேருல நம்மகிட்ட எதுவும் வரலையே அண்ணே. வந்தா கண்டிப்பா எடுத்து வைக்கிறேன்."

எழுதினவர் பெயர் மேலேயே தெரியும். என் பெயர்தான் இருந்தது. மூன்று வருடம் தம்பி என்றவர் அண்ணே என்றார். முகத்தை உற்றுப் பார்த்தேன். மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த குடத்தைத் தூக்கிவிட்டார்.

நான் மறுபடியும் அதையே எழுதினேன்.